அம்மீட்டருக்கு அடியில் ஒன்பது கடிதங்கள்

உங்கள் மேஜை டிராயர் சிக்குகிறது, சார். மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை இரண்டு பக்கமும் தேய்த்துவிடுங்கள், வழுக்கிக்கொண்டு வரும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொழில் புத்தி. எதைப் பார்த்தாலும் கை பரபரக்கிறது.

தபால் இலாகாவில் விசாரணைக்கென்று ஓர் அதிகாரி இருப்பதே எனக்கு நேற்றுதான் தெரியும். காணாமல்போன கடிதங்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் அதற்கு முதலில் துருவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

உலகப் போருக்கு முந்திய மோட்டார் சைக்கிள்கள் இருக்கின்றனவே, அவற்றின் பெட்ரோல் டாங்கையும், டாங்கின் தலையிலேயே பதித்திருக்கும் மீட்டர் பலகையையும் பழையபடி ஆக்கித் தருவது என் வேலை. இஞ்சினைத் தொடமாட்டேன். சக்கரம் யார் போட்டாலும் சுற்றும். டாங்க் அப்படியில்லை. உள்ளே எழுபது, எண்பது வருஷத் துரு அப்பிக் கிடக்கும். கை நுழையாது. ஒரு கை நிறைய நட்டுகளையும் கொஞ்சம் மண்ணெண்ணெயையும் உள்ளே போட்டு மூடி, நாள்கணக்கில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் இதமாக. சிமென்ட் கலவை மெஷினில் ஒரு டாங்கைக் கட்டிப் பார்த்தேன், நசுங்கி வந்தது. சலவை மெஷினில் கட்டினேன். மெஷின் சமையலறையிலிருந்து நடந்து வந்து ஹாலில் என் மனைவியைச் சந்தித்தது.

அப்போதுதான் என் மாமனாரைக் கவனித்தேன்.

லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. எங்களோடுதான் இருந்தார். காலை எட்டு மணிக்கு ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தால் இருட்டும்வரை ஆடுவார். காதும் மந்தம். நாற்காலிக்கு அடியில் டாங்கைக் கட்டிவிட்டால் பாத்திரக்கடை சரிந்த மாதிரி சத்தம் வரும், அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஒரே ஆளிடம் இத்தனை தகுதிகள் சேர்ந்து அமைவது அபூர்வம், சார்.

நிமிஷத்துக்குப் பதினெட்டு ஆட்டம். சாதாரணத் துருவுக்கு அது போதும். ஆனால் பல் டாக்டர் ஒருவர் தன் தாத்தா ஓட்டிய வண்டியின் டாங்கைக் கொண்டுவந்தார். ஆறு வாரத்தில் பழைய வண்டிகள் போட்டி, கோப்பை அடிக்க வேண்டும் என்றார். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். பல் டாக்டர் வாய்க்குள் பார்த்துச் சொல்வாரே, "இத்தனை நாள் என்ன பண்ணீங்க?" என்று. அதையே நான் அவரிடம் கேட்டேன். பதினெட்டு போதாது, நாற்பது வேண்டும்.

இந்தச் சமயத்தில் மாமனாருக்கு ஒரு நல்ல காரியம் நடந்தது. பக்கத்து ஊரில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே இவரும், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவும். மூன்று மணி நேரம். அந்த அம்மாவுக்கும் துணைவர் இல்லை. கதவு திறந்தபோது இருவரும் வெளியே வர அவசரப்படவில்லையாம். இவருக்குப் போனில் எதுவும் கேட்காது என்பதால் கடிதம் எழுதுவதாகப் பேச்சு.

தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார். வாசலிலேயே என் பட்டறை. ஒரு நாள் கை வேலையாக இருந்ததில், வந்த கடிதத்தைக் கொடுக்க மறந்துவிட்டேன். உண்மையாகவே மறந்துதான் போனேன்.

"மாப்ள, தபால் ஏதாச்சும் வந்துச்சா?"

"நோட்டீஸ்தான் மாமா."

"அந்தம்மா எழுதுறேன்னு சொன்னாங்களேப்பா."

"எழுதுவாங்க. நீங்க உக்காருங்க மாமா."

உட்கார்ந்தார். நாற்காலியின் சத்தம் மாறியது. கடிகாரத்தை எடுத்து எண்ணினேன். முப்பத்தொன்று.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. நிம்மதியான மனிதன் மெதுவாக ஆடுகிறான். அதனால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

இரண்டாவது கடிதத்தையும் வைத்துக்கொண்டேன். முப்பத்தாறு. மூன்றாவது வாரம் என் மனைவி பட்டறைக்கு வந்தாள்.

"என்னங்க, அப்பா இளைச்சுப் போயிட்டாரு. ரெண்டு வார்த்தை ஆறுதலா பேசுங்களேன்."

பேசினேன். அவர் காதோரம் குனிந்து, "கண்ணாடிக் கடைன்னா ஆயிரம் பேரு வருவாங்க மாமா. எல்லாரையும் அவங்க பக்கத்துல உக்காந்து கண்ணுக்குள்ள பாத்துத்தானே ஆகணும்" என்றேன். நாற்பத்தாறு. கைபடாத மூலையிலிருந்தெல்லாம் துரு உதிர்ந்தது. நான் பார்த்ததிலேயே சுத்தமான டாங்க் அதுதான், சார்.

கடிதங்களைப் படித்தேனா என்கிறீர்கள். படிக்காமல் எப்படித் தேதிவாரியாக அடுக்குவது? நல்ல கையெழுத்து. கெட்டியான, பழுப்பு வெள்ளைத் தாள். அந்தத் தாள்தான் என்னை அடுத்த படிக்குக் கொண்டுபோனது. மீட்டர் பலகையில் ஸ்பீடாமீட்டர், மின்சார ஓட்டம் காட்டும் அம்மீட்டர், எண்ணெய் மீட்டர், சின்னக் கடிகாரம் எல்லாம் இருக்கும். வண்டி அதிரும்போது அவை கடகடக்காமல் இருக்க, அந்தக் காலத்தில் பின்னால் கெட்டித் தாளை மடித்து வைப்பார்கள். இன்றைக்கு அப்படித் தாள் எங்கே கிடைக்கிறது? எட்டுக் கடிதங்களை மடித்து வைத்தும் அம்மீட்டருக்கு அடியில் ஒரு நூல் இடைவெளி மிச்சமிருந்தது. அன்று பதினொரு மணிக்கு ஒன்பதாவது வந்தது.

'வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிவரை கடையில் இருப்பேன். நீங்கள் வந்தால் மறுநாளே பதிவு அலுவலகத்தில் திருமண மனு கொடுத்துவிடலாம். வராவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு மகனோடு வெளிநாடு போய்விடுவேன். திரும்ப மாட்டேன்' என்று எழுதியிருந்தார். ஞாயிறுதான் போட்டியும்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. பத்து நிமிஷம் யோசித்தேன். பிறகு மடித்துப் பார்த்தேன். சரியாக ஒரு நூல்.

போட்டிக்கு மாமனாரையும் அழைத்துப் போனேன். டாங்கில் அவர் உழைப்பும் இருக்கிறதல்லவா. நடுவர் ஒலிபெருக்கியோடு ஒவ்வொரு வண்டியாக வந்தார். டாங்கைத் தடவி, "கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார். பல் டாக்டர் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். பலகையின் வயரிங் பழையதுதானா என்று பார்ப்பது அவர்கள் வழக்கம் என்பது எனக்குத் தெரியும். அதைத்தான் நான் விரும்பினேன். நான் மடித்து வைத்த அந்தத் தாள் பேக்கிங்கை நாலு பேர் பார்க்க வேண்டுமே.

நாலு திருகாணிகளைக் கழற்றினார். முதலில் கையில் வந்தது ஒன்பதாவது. மைக்கைக் கீழே வைக்காமலே படித்தார். "அன்புள்ள இன்ஸ்பெக்டர் சாருக்கு, ஞாயிறு மாலை ஐந்து மணிவரை..." மைதானம் முழுக்கக் கேட்டது. மூன்றாவது வரிசையில் காது மந்தமான ஒருவருக்கும் கேட்டது.

நடுவர் படித்து முடித்ததும், "இந்த வண்டி வந்த வருஷத்துல பால்பாயின்ட் பேனா ஏதுங்க? ரெண்டு மார்க் கட்" என்றார். அது எனக்கு விழுந்த பெரிய அடி, சார். மையை நான் கவனித்திருக்க வேண்டும்.

மாமனார் எழுந்து வந்தார்.

"மாப்ள, மணி என்ன?"

"மூணேகால் மாமா."

"கொஞ்சம் நகருங்க."

இன்ஸ்பெக்டராக இருந்த காலமெல்லாம் மோட்டார் சைக்கிளில் அலைந்தவர். ஒரே உதை. வண்டி கிளம்பிவிட்டது. மீட்டர் பலகை வயரில் தொங்கி ஆட, பல் டாக்டர் பின்னாலேயே ஓடினார். "யோவ், அது ஓட்டுற வண்டி இல்லய்யா, பாக்குற வண்டி" என்று கத்திக்கொண்டு. கண்ணாடிக் கடைவரை நாற்பது கிலோமீட்டர். இவர் போய்ச் சேர்ந்தபோது கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாராம் அந்த அம்மா. ஒரு சொட்டுப் பெட்ரோல் கசியவில்லை என்று பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். போன வாரம் பதிவுத் திருமணம். அவர்கள் எனக்குச் சொல்லவில்லை. என் மனைவிதான் சொன்னாள். அதன் பிறகு அவளும் பேசுவதில்லை. உங்களுக்கு வந்த புகாரில் தம்பதிகளாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். போடட்டும்.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் புகாரே இல்லை, நானாகத்தான் சொல்கிறேன். தபாலில் சேர்க்கச் சொல்லி மாமனார் என்னிடம் கொடுத்த கடிதங்கள் ஏழு. முதல் கடிதத்திலேயே, 'லிஃப்டில் நீங்கள் கேட்டதற்கு எனக்குச் சம்மதம், எப்போது சொன்னாலும் வருகிறேன்' என்று எழுதியிருந்தார். அவை போய்ச் சேர்ந்தால் அந்த அம்மா நேரிலேயே வந்து நின்றிருப்பார், ஆட்டம் பதினெட்டுக்கு இறங்கியிருக்கும். மெல்லிய தாள், மீட்டருக்கு ஆகாது. ஏழையும் சேர்த்து மடித்து டாங்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவே அழுத்தி வைத்தேன். அன்றைக்கு அவர் அவற்றின் மேலேதான் நாற்பது கிலோமீட்டர் போயிருக்கிறார்.

அந்த அம்மாவின் கடிதம் இவருக்கு ஒலிபெருக்கியில் போய்ச் சேர்ந்தது. இவருடைய ஏழும் அந்த அம்மாவின் கடை வாசலுக்கே மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தன. உங்கள் இலாகாவில் இப்படி யார் செய்து தருகிறார்கள், நீங்களே சொல்லுங்கள், சார்.