துர்லோ வெட்டிய கிணறு

விசாரிக்க வந்து வீட்டுக்குள் நுழைந்ததும் எங்கள் கட்டில்களைப் பார்த்துச் சிரித்தீர்களே, ஷெரீப் ஐயா, எல்லோரும் அப்படித்தான் சிரிப்பார்கள். நெப்ராஸ்காவில் சர்க்கார் கொடுக்கும் நிலம் சொந்தமாக வேண்டுமென்றால் அதிலேயே ஐந்து வருஷம் படுத்து எழ வேண்டும். கல்யாணமாகாத பெண்ணுக்கும் கொடுக்கிறார்கள். நானும் தங்கை லொவினாவும் அடுத்தடுத்த நிலமாக எழுதி வாங்கி, எல்லைக்கோட்டின் மேலேயே ஒரு மண் வீடு கட்டிக்கொண்டோம். என் கட்டில் என் நிலத்தில், அவள் கட்டில் அவள் நிலத்தில்.

பெண்கள் குறைவான ஊர் இது. நாங்கள் வண்டியை விட்டு இறங்கிய வாரமே மாப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். தொப்பியைக் கழற்றுவார்கள், எங்கள் ரொட்டியைத் தின்பார்கள், பிறகு நிலத்தைக் கண்ணாலேயே அளப்பார்கள். மண்ணைப் புரட்டிக் கை காய்த்துப் போனது எங்களுக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒவ்வொருவனாக விரட்டினேன்.

துர்லோ மட்டும் போகவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருந்தான். "பொம்பளைக்கு எதுக்குங்க நிலம்? என்கூட வந்தா ராணி மாதிரி வெச்சுக்கறேன்" என்பான். லொவினா பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பாள். நாலு வருஷம் முடிந்திருந்தது. அவனோடு குடிபோனால் அவள் நிலம் போச்சு. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"போனா போகட்டும்க்கா. காலம் பூரா உன் மூஞ்சியவே பாத்துட்டு இருக்கவா?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு ஒரு கிணறு வெட்டித் தருவதாகச் சொன்னான். "உங்க தங்கச்சியக் கூட்டிட்டுப் போறதுக்குக் கூலின்னு வெச்சுக்கங்க" என்று கேலி வேறு. சிரித்து வைத்தேன்.

கிணற்றில் இறங்குமுன் எரியும் மெழுகுவர்த்தியை வாளியில் வைத்து இறக்கிப் பார்ப்போம். அடியில் மூச்சை அடைக்கிற கெட்ட காற்று இருந்தால் அணைந்துவிடும். அன்றைக்கு யாரும் இறங்க மாட்டார்கள். தினமும் அது என் வேலை. செவ்வாய்க்கிழமை காலையில் பாதியிலேயே அணைந்தது. மேலே இழுத்து, பற்றவைத்து, வாளிக்குள்ளேயே வைத்தேன்.

துர்லோ குதிரையைக் கட்டிவிட்டு வந்தான். "எரிஞ்சுதா?"

"நல்லா எரிஞ்சுது."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். கொஞ்ச நேரத்தில் கடப்பாரை விழுந்த சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அதற்காக நான் வருத்தப்படவில்லை. ஒரு பெண்ணின் நிலத்தைக் காப்பாற்றினேன்.

சத்தம் கேட்டு லொவினா ஓடி வந்தாள். கூப்பிட்டுப் பார்த்தாள். "வழுக்கி விழுந்துட்டாருக்கா" என்று பாவாடையை வரிந்து கட்டினாள். கயிற்றில் கை வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மெழுகுவத்தி அணையலைதானே?"

அணைந்தது என்று சொல்லியிருந்தால் நின்றிருப்பாள். நின்று என் முகத்தைப் பார்த்திருப்பாள். அதன்பிறகு ஆயுசுக்கும் என்னோடு பேசியிருக்க மாட்டாள்.

"அணையல" என்றேன்.

என்னை நம்பித்தான் இறங்கினாள், ஐயா. கடைசிவரைக்கும் அவளுக்கு என்மேல் ஒரு கோபமும் இல்லை. அதை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.