குடைமடக்கிப் புளி

பஸ் வராத காலம் அது. கரிசல்காட்டுக்கு நடுவில் நெடுங்கரை என்று ஒரு ஊர் இருந்ததாம். ஊர் இன்றைக்கும் இருக்கிறது. ஊர்ப் புளியமரமும் இருக்கிறது.

கீழத்தெருக்காரர்கள் வண்டிப்பாதைக்குப் போகவேண்டுமென்றால் நடுத்தெரு வழியாகத்தான் போகவேண்டும். வேறு தடம் கிடையாது. தெரு தொடங்கும் இடத்தில் அந்தப் புளியமரம். அங்கே வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்கவேண்டும். தோள்துண்டை இடுப்பில் கட்டவேண்டும். குடை இருந்தால் மடக்கவேண்டும். வெயில் கொளுத்தினாலும் மடக்கவேண்டும், மழை கொட்டினாலும் மடக்கவேண்டும். அதனால் மரத்துக்கே குடைமடக்கிப் புளி என்று பேர் விழுந்துவிட்டதாம்.

கீழத்தெருவில் வெயிலாச்சி என்று ஒருத்தி. கண்டிச்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் புருஷனைப் புதைத்துவிட்டு, ஒரு மகளோடும் ஒரு கறுப்புக் குடையோடும் ஊர் திரும்பியவள். கீழத்தெருவில் இருந்த குடை அது ஒன்றுதானாம். இரண்டு என்பவர்களும் உண்டு. எனக்குச் சொன்னவர்கள் ஒன்று என்றே சொன்னார்கள்.

மகள் முத்துப்பேச்சிக்குத் தலைப்பிள்ளை பிறந்தது, ஆண். தாயையும் பிள்ளையையும் புருஷன் வீட்டுக்குக் கூட்டிப்போன அன்றைக்கு ஐப்பசி மழை. மரத்தடிக்கு வந்ததும் வெயிலாச்சி குடையை மடக்கிவிட்டாள். யாரும் சொல்லவில்லையாம். கை தானாக மடக்கிவிட்டது. தெருவைத் தாண்டுவதற்குள் பிள்ளை நனைந்து விறைத்துப்போனது. காய்ச்சல் கண்டது. பிழைக்கவில்லை.

"எல்லாரும் மழையை ஏசுனாங்க. நான் எங் கையைத்தான் ஏசுனேன்" என்று பின்னாளில் சொல்வாளாம்.

அடுத்தது பெண்பிள்ளை. மறுபடியும் ஐப்பசி, மறுபடியும் மழை. புறப்படுகிற அன்று வெயிலாச்சி வாசலில் குடையை விரித்தாள். அமுக்கினால் குடை மடங்குமே, காம்பில் அந்த இடத்தில் கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கினாள்.

"என்னம்மா செய்யுதே?" என்றாள் மகள்.

"எங் கையை நம்ப முடியலட்டி. மரத்தைக் கண்டா பயந்துரும்."

மரத்தடியில் நடுத்தெருக்காரர்கள் நாலு பேர் நின்றார்கள். முன்னால் மணியக்காரர், தன் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு.

"ஏட்டி, பேரு வெயிலாச்சி. ஒனக்கு எதுக்குட்டி குடை? மடக்கு!"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். வெயிலாச்சிக்குக் கை மடக்கத்தான் போனது. போய், கம்பி குத்தி நின்றது. குத்தியதும் ஒரு தெம்பு வந்ததாம்.

"மடங்கலையே சாமி. நீங்களே மடக்கிக் குடுங்க."

மணியக்காரர் ஒரு எட்டுப் பின்னால் போனார். அவள் தொட்ட குடையை அவர் எப்படித் தொடுவார்? பக்கத்தில் நின்ற மருமகனைப் பார்த்தார்.

"நீ மடக்குலே."

"நான் குளிச்சிட்டு வந்திருக்கேன் மாமா."

"மழையிலதானலே நிக்கே? இன்னொருதரம் குளிச்சா தேஞ்சா போயிருவே?"

"அப்ப நீங்க மடக்குங்க!"

அவர்கள் பேசி முடிப்பதற்குள் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். ஒருத்தன் ஓடிவந்து கம்பால் ஓங்கி அடித்தான். துணி கிழிந்தது. அவள் தோள் நனைந்தது. பிள்ளை நனையவில்லை.

வண்டி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது மழை விட்டிருந்தது. கிழிந்த குடையை விரித்தபடியே வந்தாள்.

"இப்ப மழையும் இல்ல, பிள்ளையும் இல்ல. இப்ப எதுக்குட்டி?" என்று கத்தினார் மணியக்காரர்.

"போகையில பேத்திக்குப் பிடிச்சேன் சாமி. இப்ப எனக்குப் பிடிக்கேன்."

அந்தப் பேச்சுக்கு அன்றைக்கு விழுந்த அடியில் அவளுடைய இடது கை கடைசிவரை நேராக நீளவில்லை என்பார்கள். அந்த வருஷ அறுப்புக்குக் கீழத்தெருவில் ஒருத்தரையும் கூப்பிடவில்லை. "ஒரு குடைக்காகத் தெருவே பட்டினி கிடக்கணுமாக்கா?" என்று மாடத்தி என்பவள் வாசலில் நின்று ஏசினாளாம். மறுவருஷக் கார்த்திகை மழையில் அதே மாடத்தி, இடுப்பில் பிள்ளையோடு, தலையில் போட்ட சாக்கை எடுக்காமல் நடுத்தெருவில் நடந்து போனாள். அவள் பின்னால் மற்றவர்களும் போனார்கள்.

அதற்கப்புறம் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் செருப்புக்குத் தடை, கிணற்றுக்குத் தடை என்றாலும் வெயிலாச்சியைத் தேடி ஆள் வரும். விரித்த குடையோடு போவாள். அடி வாங்கியிருக்கிறாள். கேஸும் போட்டிருக்கிறாள். கோர்ட்டு வாசலில் சேவகர், "குடையை மடக்கிட்டு உள்ள வாம்மா" என்றாராம்.

"இங்க எல்லாரும் மடக்குதாங்களா?"

"எல்லாரும்தான். வக்கீலும்தான்."

"ஜட்ஜையா?"

"அவரும்தாம்மா."

"அப்பச் சரி" என்று கம்பியை அவிழ்த்து மடக்கினாளாம். கம்பி போட்ட நாளிலிருந்து பிறத்தியார் சொல்லி அவள் குடை மடக்கியது அந்த ஒருதரம்தான்.

இப்போது நடுத்தெரு வழியாக பஸ்ஸே போகிறது. மரத்துக்கு மட்டும் அதே பேர். கீழத்தெருவிலிருந்து பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பும்போது, மரத்தடியில் ஒரு கறுப்புக் குடையை விரித்து, மடங்காதபடி காம்பில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். தெருவைத் தாண்டின பிறகுதான் அவிழ்க்கலாம்.

விவரம் தெரியாத சம்பந்தக்காரர்கள், "மழையும் இல்ல, வெயிலும் இல்ல, குடை எதுக்கு?" என்று சிரிப்பார்கள். பெண்ணின் தாய் கயிற்றை இன்னொருதரம் இறுக்கி, "இது ஒனக்குட்டி, நட" என்பாள்.