மூச்சை விடச் சொல்ல மறந்த அன்று

— "மார்ச் பன்னிரண்டு, வியாழன். இன்று வேலையில் ஒரு சிறு தவறு செய்தேன். எக்ஸ்ரே எடுக்க வந்த ஒருவரை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். படம் எடுத்தேன். அதன் பிறகு..."

— யாருகிட்ட பேசிட்டிருக்க?

— ஐயோ அண்ணி... போன்ல பதிவு பண்ணிட்டிருக்கேன். இப்ப உங்க குரலும் சேர்ந்துடுச்சு.

— சேரட்டும். என் குரலுக்கு என்ன குறைச்சல்?

— சாயங்காலம் போற பேச்சுப் பயிற்சி வகுப்புக்கு அண்ணி. எதிர்பாராம வந்த ஒரு சின்ன சந்தோஷத்தைப் பத்தி டைரி மாதிரி பேசிட்டு வரச் சொல்லியிருக்காங்க. நாளைக்கு எல்லார் முன்னாடியும் போடணும்.

— சந்தோஷம்ங்கிற. எடுத்த எடுப்புலயே தவறுங்கிற?

— எனக்கும் அதான் சந்தேகமா இருக்கு. ஆனா வரிசையா சொல்லணும்ல. முதல்ல தப்பு நடந்துச்சு. அப்புறம்தான் மத்தது.

— சரி, இந்தப் போர்வையோட அந்தப் பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டே சொல்லு. மடிக்கணும். ம்... படம் எடுத்த. அப்புறம்?

— "மூச்சை விடலாம்"னு சொல்ல மறந்துட்டேன்.

— மறந்துட்டு?

— படம் நேரா விழுந்திருக்கான்னு திரையையே பார்த்துட்டு நின்னுட்டேன். நிமிர்ந்து கண்ணாடி வழியா பார்த்தா... மனுஷன் இன்னும் பிடிச்சுட்டு நிக்கிறாரு. கன்னம் ரெண்டும் பலூன் மாதிரி உப்பி, கண்ணு பிதுங்கி...

— அடிப்பாவி.

— "விடுங்க, விடுங்க"ன்னு கத்தினேன். புஸ்ஸுன்னு விட்டாரு. "நீ சொல்லுவ சொல்லுவன்னு பார்த்துட்டே இருந்தேன்"னு சொல்லிட்டு அப்படியே சிரிக்க ஆரம்பிச்சாரு.

— நீன்னா சொன்னாரு?

— ஆங்... நீங்கன்னுதான்.

— ம். மேல சொல்லு.

— எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. வேலை நேரத்துல சிரிக்கக் கூடாதேன்னு வாயைப் பொத்தினா, அது மூக்கு வழியா வந்துடுச்சு. அதைப் பார்த்துட்டு அவரு சுவரைப் பிடிச்சுக்கிட்டாரு. சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்து, இருமி முடிச்சு மறுபடியும் சிரிப்பு...

— இருமலா?

— நெஞ்சுப் படம் எடுக்க வர்றவங்க இருமத்தானே செய்வாங்க.

— உங்க அண்ணனுந்தான் போன மழைக்காலத்துலேர்ந்து இருமுறாரு. ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்கன்னு கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், பேசாம இருந்தும் பார்த்தேன். அசையலியே. "சும்மா சளி"ங்கிறாரு. உங்கப்பாவும் கடைசி வரைக்கும் அதைத்தானே சொன்னாரு?

— ...ஆமா.

— போர்வையை விட்டுட்ட. பிடி.

— பிடிச்சுட்டேன்.

— அந்த ஆளு எப்படி இருப்பாரு?

— நோயாளியைப் பத்தி வெளிய சொல்லக் கூடாது அண்ணி. விதி.

— பேரையா கேட்டேன்? வயசு என்ன இருக்கும்?

— எழுபது... இருக்கும். பெரிய மீசை.

— எழுபது வயசுல அவ்வளவு நேரம் தம் பிடிச்சாரா? பலே. தலை வழுக்கையா?

— பாதி.

— எந்தப் பாதி?

— அண்ணி, இது டைரி. போலீஸ் ஸ்டேஷன் இல்ல.

— சட்டை என்ன நிறம்?

— சட்டையைக் கழட்டிட்டுத்தான் எடுப்போம்.

— தப்பிச்சுட்ட.

— நீங்களே சொல்லுங்க, இதை வகுப்புல போடலாமா? தப்பு பண்ணிட்டு அதைச் சந்தோஷம்னு சொல்றாளேன்னு நினைக்க மாட்டாங்க?

— நினைச்சா நினைக்கட்டும். ஆனா இதுல உனக்கு என்ன சந்தோஷம்னு நீ சொல்லவே இல்லியே. யாரோ ஒரு மீசைக்காரத் தாத்தா சிரிச்சாரு. உனக்கென்ன?

— அது... உள்ள வரும்போது அவரு சட்டையைப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு அண்ணி. பொத்தானைக் கழட்டவே வரல. நான்தான் கழட்டிவிட்டேன். அவ்வளவு பயம். போகும்போது எல்லாப் பொத்தானையும் தானே போட்டுக்கிட்டாரு. நறுக்குன்னு ஒரு குட்டு வெச்சுட்டுப் போனாரு.

— யாரு தலையில?

— ...என் தலையில.

— முன்ன பின்ன தெரியாத ஆளு.

— வயசுல பெரியவரு இல்லியா. ஒரு உரிமைதான்.

— ம்... படத்துல என்ன இருந்துச்சு?

— அதைப் பார்த்துச் சொல்றது டாக்டர். எனக்கு எடுக்கத்தான் தெரியும். சத்தியமா தெரியாது அண்ணி. எவ்வளவு உத்துப் பார்த்தும் ஒண்ணும் புரியல.

— சரி, சரி. கண்ணைத் துடை.

— நான் அழல. நீங்கதான் துவைச்ச போர்வையில மூக்கைத் துடைக்கிறீங்க.

— என் வீட்டுப் போர்வை, நான் துடைப்பேன். ஒரு வரி சேர்த்துக்கோ. "அவர் சிரித்த சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது."

— அது பொய்யாயிடும் அண்ணி. ஈயத் தகடு வெச்ச கதவு. வெளிய ஒண்ணும் கேட்காது.

— கேட்டுச்சு.

— அதெப்படி உங்களுக்கு...

— காலையில பொய் சொல்லிட்டுக் கிளம்பின உங்க அண்ணன் பின்னாடியே அடுத்த பஸ் பிடிச்சு வந்து, முகத்தைச் சுத்தி மூடிக்கிட்டு அந்தக் கதவுக்கு எதிர்லதான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துல ஒரு அம்மா, "உள்ள எக்ஸ்ரே எடுக்குறாங்களா, சர்க்கஸ் காட்டுறாங்களா"ன்னு கேட்டாங்க. எனக்கு அழுகை வருதா சிரிப்பு வருதான்னே தெரியல. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேணாம். தைரியமா இருக்கிறதா நினைச்சுட்டிருக்காரு, இருக்கட்டும். நீ போனை எடு. நாளைக்கான வேலையையும் சொல்லி முடி. "நாளை காலை ரிசல்ட் வாங்க வேண்டும். அவர் முதல் பஸ்ஸில் போவார். நானும் அண்ணியும் அடுத்ததில்."