மெமரி கார்டைத் தொடுமுன் கொஞ்சம் நடுங்குங்கள்

தலைமை இருக்கைக்குப் பெருமை சேர்த்திருக்கும் ஐயா அவர்களே, வயதாலும் அறிவாலும் முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மனத்தையும் அங்கேயே விட்டுவந்திருக்கும் தாய்மார்களே, செயலிகளைச் செதுக்கும் தோழர் தோழியரே! மைக்கைப் பிடித்துக்கொண்டு உங்கள் முன் வந்து நிற்கிறேன்.

செயலிகளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. அலுவலகத்தில் எனக்கு வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி. சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். நான் பேச வந்ததே அந்தப் பயத்தைப் பற்றித்தான்.

எங்கள் செயலி என்ன செய்யும்? தொண்டை அறுவை சிகிச்சைக்குப் போகிறவர், போகுமுன் தம் குரலில் அன்றாடப் பேச்சுகளைப் பதிந்துவைக்கலாம். குரல் போனபின் பொத்தானைத் தொட்டால், போன குரல் பேசும். பதிவுகள் மெமரி கார்டில் போய் உட்காரும்.

காய்கறி மண்டியில் ஏலம் கூவுபவர் ஒருவர் மனைவியோடு எங்களிடம் வந்தார். மண்டியையே அதிரவைத்த குரல்! அறுவைக்குப் பின் ஒரு முனகலும் இல்லை. பழைய போன் விழுந்து உடைந்துவிட்டது. கார்டைப் புதிய போனில் போட்டுச் செயலியை ஏற்றினால், 'பதிவுகள் இல்லை' என்கிறது.

"அவரு பேசறதெல்லாம் அதுலதாங்க இருக்கு. வேற எங்கயும் இல்லீங்க" என்றார் அந்த அம்மா.

நகல் எடுத்து வைக்கவில்லையா என்று அங்கே ஒருவர் கேட்கிறார். வைக்கவில்லை ஐயா. நீங்கள் வைத்திருக்கிறீர்களா? பாருங்கள், தலை குனிகிறது.

பதிவுகள் கார்டில் இருந்தும் செயலி ஏன் இல்லை என்றது? நிரல் எழுதிய எங்கள் அவசரக்குடுக்கை, தன் போனில் கார்டுக்கு என்ன முகவரி இருந்ததோ அதையே நிரலில் எழுதிவிட்டிருந்தார். ஏலக்காரரின் பழைய போனும் அதே ரகம், அதனால் ஓடியது. புதிய போனில் முகவரி வேறு. அடுத்த தெருக் கதவைத் தட்டிவிட்டு வீட்டில் ஆளே இல்லை என்றால் எப்படி?

இது அப்போது தெரியாத அந்த அவசரக்குடுக்கை, நாம் எல்லோரும் நாள்தோறும் ஓதுகிற மந்திரத்தையே ஓதினார். "ஒண்ணுமில்லம்மா, ஆப்பை எடுத்துட்டு மறுபடி போட்டா சரியாயிடும்." ஓதியதோடு விட்டாரா? போனை வாங்கினார். நீக்கவா என்று திரை கேட்டது. கட்டைவிரல் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் பதறி எழுந்தேன். ஏன்? செயலியை நீக்கினால், கார்டில் அதன் பெயரில் இருக்கும் கோப்புறையையும் போன் சேர்த்தே துடைத்துவிடும். உள்ளே இருப்பது ஒரு மனிதரின் குரல் என்று அதற்குத் தெரியுமா? தெரியாது. எங்களை நம்பி எதிரே சிரித்துக்கொண்டிருக்கிறாரே ஏலக்காரர், அவரால் ஐயோ என்று கூவத்தான் முடியுமா? முடியாது!

"கையை எடுங்க. முதல்ல கார்டை வெளிய எடுங்க" என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். நல்லவேளை, நிரல் எழுதியவருக்குக் கேட்டது.

கார்டைக் கணினியில் செருகினோம். அது முழித்துக்கொண்டு நின்றது. எனக்கு உயிரே இல்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தன, எல்லாப் பதிவுகளும். நகலெடுத்தோம். நிரலைத் திருத்தினோம். கோப்புறை எது என்று இப்போது செயலி அவரையே கேட்கிறது. அவர் காட்டிய இடத்தில், அவர் தந்த அனுமதியோடு பதிவுகளைத் தேடுகிறது.

அவர் பொத்தானைத் தொட்டார். "ஏம்மா, சாப்பிட்டியா?" என்றது போன்.

"இன்னும் இல்லீங்க" என்றார் அந்த அம்மா.

தோழர்களே! கார்டு யாருடையது? நம்முடையதா? கோப்பு யாருடையது? நம்முடையதா? பின் எந்தத் துணிச்சலில் இடத்தை ஊகிக்கிறோம்? எந்தத் துணிச்சலில் இல்லை என்கிறோம்? எந்தத் துணிச்சலில் நீக்கச் சொல்கிறோம்? கேளுங்கள்! உரியவரைக் கேளுங்கள்! கார்டு கழன்றிருந்தால், காணோம் என்று கைவிரிக்காமல் கார்டு எங்கே என்று கேளுங்கள்! நீக்கு என்று சொல்லுமுன் உங்கள் நெஞ்சு படபடக்கட்டும். அந்தப் படபடப்பு இல்லாதவர் அடுத்தவர் கார்டைத் தொடவே வேண்டாம்.

அந்த ஏலக்காரர் இதோ முன்வரிசையில் இருக்கிறார். அவருடைய நகல்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று இன்று காலைகூடத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பயம் போகவில்லை, போகவும் வேண்டாம்.

பேசவிட்டுப் பொறுமையோடு கேட்ட மன்றத்துக்கு நன்றி. வணக்கத்தை மட்டும் நான் சொல்லப்போவதில்லை. அண்ணே, போனை இப்படி மைக் பக்கத்துல பிடிங்க. இப்ப தொடுங்க. எல்லாரும் கேக்கட்டும்.