தைப்பூசச் சிரட்டை

பகல் பன்னிரண்டு பத்துக்கு என் மானம் கப்பலேறியது. நினைத்தால் இன்னும் காது சுடுகிறது. தைப்பூச ரதம் கடந்துபோன டத்தோ கிராமாட் சாலையில், உடைந்த தேங்காய்களுக்கு நடுவே என் மகள் சாக்கில் சிரட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ப் பந்தலில் என் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் அவளைப் பார்த்துவிட்டார்கள்.

“பாவம்லா அக்கா, யார் பெத்த பிள்ளையோ!”

“நான் கேட்டேன்லா. யூனிவர்சிட்டி பிள்ளையாம். சிரட்டையக் கரியாக்குமாம். அந்தக் கரியில கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஆயிரம் இருக்குமாம். புதுசா வர்ற லித்தியம் பேட்டரிக்குள்ள வைக்கவாம்.”

“கரி சுடவா இவ்வளவு படிப்பு?”

“அப்பாவும் கூட வந்திருக்காராம். ஆளைத்தான் காணோம்.”

நான் மோர் டம்ளருக்குள் முகத்தைப் புதைத்தேன்.

அழுக்குக் கையோடு அவள் நேராக என்னிடம் வந்தாள். “அப்பா, குப்பை லாரி வந்துருச்சு. சாக்க ஒரு பக்கம் பிடிங்க.”