ஆறு மணிப் படகு

உட்காருண்ணா, உட்காரு. பெட்டிய அப்படி ஓரமா வை. ஒரு கூத்து சொல்றேன், வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிக்கப் போற. ஆனா இப்பவே சொல்ல மாட்டேன். ம்ஹும், முறைச்சாலும் கிடையாது.

படகா? புயலுக்கப்புறம் நேரம் தினமும் மாறுதுன்னுதான உன் போன்ல ஒரு வெப் பக்கமே எழுதிக் குடுத்தேன்? தொறந்து பாரு. ஆறு மணின்னு இருக்கா? அப்புறம் என்ன பறக்குற. துறைமுகம் இந்தா, கூப்பிடு தூரம். அக்கரைத் தீவுல உன் ஃபிளைட்டும் நடுராத்திரிதான.

அந்தப் பக்கம் எழுத நான் பட்ட பாடு இருக்கே! ஜாவாஸ்கிரிப்ட்ங்கிற கம்ப்யூட்டர் பாஷைல பிராமிஸ்னு ஒண்ணு. ஆமா, நீ வாய்க்கு வாய் எனக்குக் குடுக்குறியே, அதே பேருதான். அடுத்த படகு எப்பன்னு படகு ஆபீஸ் கம்ப்யூட்டர்கிட்ட கேட்டா, உடனே சொல்லாது. சொல்றேன் போன்னு ஒரு வாக்கு மட்டும் கைல குடுக்கும். அது நிறைவேறலாம், காலை வாரலாம், ரெண்டும் இல்லாம தொங்கல்லயும் கிடக்கலாம்.

நம்ம கம்ப்யூட்டர் கிளாஸ் தவீத்தா சார் எப்படிச் சொன்னாரு, பண்ணிக் காட்டவா? மூக்கைப் புடிச்சிக்கிறேன் இரு. ஏம்மா மசினா, உமு அடுப்புல சுட்ட கல்லுக்கு நடுவுல கிழங்கை மூடி வெச்சா அது பாட்டுக்கு வேகும், நீ பாட்டுக்கு வாசல் கூட்டு. பரிமாறணும்னா மட்டும் வெந்தாச்சான்னு நின்னு பாக்கணும்ம்ம். நீ எழுதினது விருந்தாளி தட்டுல அடுப்புக் கல்லைத் தூக்கி வெக்குதும்மா!

சிரிச்சிட்ட! அது இல்லண்ணா நான் சொன்ன கூத்து. அது இன்னும் வரல.

அதுக்கு மருந்து ஒரே ஒரு வார்த்தையாம். கேள்விக்கு முன்னாடி அவெய்ட்னு எழுதணும். இருன்னு அர்த்தம். பதில் வந்தாத்தான் அடுத்த வரிக்கே போகும்.

இப்ப உன்ன மாதிரி பேசிக் காட்டுறேன். தொண்டைய இறுக்கிக்கிட்டு. ஆறே மாசம்டி, ஆஸ்திரேலியாவுல பழம் பறிச்சிட்டு கிறிஸ்துமஸுக்கு வந்துடுவேன், பிராமிஸ். எப்படி, அப்படியே இருக்கா? அப்பாவும் இதத்தான் சொல்லிட்டுப் போனாரு. அந்த பிராமிஸ் இன்னும் தொங்கல்லதான். அவரு குரலா? அது வர மாட்டேங்குதுண்ணா. ஊர்ல உள்ள எல்லார் குரலும் வருது, கோயில் பாதிரியார் இருமல் கூட வருது. அவரு எப்படிப் பேசுவாருன்னு மறந்தே போச்சு.

என்ன? ஆமா, ஊதினது படகுதான்.

என் மூஞ்சிய ஏன் பாக்குற, போனைப் பாரு. ஆறு மணிதான? அது எழுதும்போது சும்மா சோதிக்கப் போட்டு வெச்ச நேரம்ண்ணா. ஆபீஸ்கிட்ட கேக்குது, பதிலுக்கு நிக்காம அதையே காட்டிட்டுப் போயிடுது. கல்லை எடுத்துத் தட்டுல வெச்ச மாதிரி. காலையிலேயே பாத்துட்டேன். இன்னிக்குக் கடைசிப் படகு நாலு மணிக்கு, அதான் இப்ப ஊதினது.

அந்த ஒரு வார்த்தை போட்டிருந்தா சரியாயிருக்கும். கை வரல. உன்கிட்ட சொல்லலாம்னா அதுக்கு வாயும் வரல.

ஓடாதண்ணா. கயிறு அவுத்திருப்பாங்க.

நான் சொன்ன கூத்து இதுதாண்ணா, நீ இன்னும் சிரிக்கவே இல்லையே.