அனுமதிக்கலாமா என்று போன் கேட்டது

ஒரு போனை மூன்று வருடத்துக்கு மேல் வைத்திருப்பதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது. என் மனைவி ரோஸின் போனுக்கு ஐந்து வயது. காலையில் முழுக்க சார்ஜ் ஏற்றினாலும் மதியச் சாப்பாட்டுக்குள் பேட்டரி பாதிக்கு வந்துவிடும். அதை மாற்றியது தப்பு என்று டொலீடோவில் யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் மேசைமேல் இருப்பதும் புதுசுதானே, டிடெக்டிவ் ஆஸ்ட்ராவ்ஸ்கி? பதிவு ஓடுகிறதல்லவா? நல்லது. வக்கீல் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

என் பெயர் ஜெரால்ட் நெமெத். கண்ணாடி ஆலையில் முப்பத்தோரு வருடம் தரம் பார்க்கிற வேலை. கண்ணாடிப் பலகையை வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பேன். குமிழி இருந்தால் இருக்கிறது என்று எழுதுவேன், இல்லாவிட்டால் இல்லை என்று எழுதுவேன். ஒரு படிவத்தில்கூட நான் பொய் எழுதியதில்லை. இதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோஸின் முழுப்பெயர் ரோஸலிண்ட். பத்தொன்பது வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்பவள். கடைசி ஆறு வருடமாகச் சர்க்கரை இறங்குவது அவளுக்கே தெரியாமல் போய்விட்டது. மற்றவர்களுக்கு வியர்க்கும், கை நடுங்கும். அவளுக்கு எதுவும் இருக்காது. பேசிக்கொண்டே இருப்பவள் பேச்சை நிறுத்திவிடுவாள், அவ்வளவுதான். அதனால் மேல்கையில் ஒரு சென்சார் ஒட்டியிருந்தார்கள். அளவு இறங்கினால் சென்சார் அவள் போனுக்குச் சொல்லும். அவள் போன் கத்தும், கூடவே என் போனும் கத்தும். நான் ஆரஞ்சு ஜூஸை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். முடி வெட்டிக்கொள்ளும்போது கேட்டிருக்கிறேன். என் அண்ணனின் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது கேட்டிருக்கிறேன். ரோஸுக்கு அது விளையாட்டு. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் என்னைக் காட்டிச் சொல்வாள்: "உள்ள இருக்கற கணையம் நாப்பது வருஷம் முன்னாடியே ராஜினாமா பண்ணிடுச்சு. வெளிய இருக்கற கணையம் இதோ, மூஞ்சியத் தூக்கி வெச்சுகிட்டு நிக்குது பாருங்க." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

மார்ச் கடைசியில் மவுமி ஆற்றில் வால்ஐ மீன்கள் முட்டையிட ஏறிவரும். நீங்கள் இந்த ஊர்க்காரர், சொல்ல வேண்டியதில்லை. அந்த மூன்று வாரத்துக்காகத்தான் மீதி வருடம் முழுக்க நான் ஆலைக்குப் போனேன். ஓய்வு பெற்ற முதல் வசந்தத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். பத்து நிமிடத்தில் சட்டைப் பைக்குள் போன் அலறியது. அரக்கப்பரக்க வீட்டுக்கு வந்தால், ரோஸ் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஜாம் பாட்டிலில் கரண்டியை விட்டுக்கொண்டிருக்கிறாள்.

"என்ன ஜெரி, மீன் கெடச்சுதா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு ஐந்து வசந்தம் நான் ஆற்றில் கால் வைக்கவில்லை. போகாதே என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அதுதான் என்னால் பொறுக்க முடியாததாக இருந்தது. தடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

சரி, போனுக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை காலை போன் கடைக்குப் போனேன். பிரியெல் என்ற பெண் என் கணக்கைத் திறந்து பார்த்தாள்.

"சார், புதுப் போனுக்கு மாத்தற அப்கிரேட் சலுகை உங்க ரெண்டு நம்பர்ல ஒரு லைனுக்குத்தான். அத உங்க போனுக்குப் போட்டுக்கலாம். மேடம் போனுக்கு இன்சூரன்ஸ் இருக்கே, அது தொலைஞ்சாலோ ஒடைஞ்சாலோ மறுநாளே வேற ஒண்ணு வீட்டுக்கு வந்துரும்."

"பழசாயிடுச்சுன்னா?"

"பழசுக்கெல்லாம் தர மாட்டாங்க சார்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எல்லாரும் தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிடுவாங்க. யாரு தேடிப் பாக்கப் போறா?"

எனக்கு அது பிடிக்கவில்லை. பொய் கிளெய்ம் எழுதுவது குற்றம். என் லைனுக்குச் சலுகையில் புதுப் போன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ரோஸின் போனை வாசலில் காரின் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். ஒருமுறை பின்னால் எடுத்தேன், ஒருமுறை முன்னால் எடுத்தேன். பிறகு படிவத்தில் "கார் ஏறி உடைந்தது" என்று எழுதினேன். ஒவ்வொரு எழுத்தும் உண்மை.

ரோஸ் நொறுங்கிய போனைப் பார்த்துவிட்டு, "ஐயோ, நான்தான் பையிலேருந்து தவற விட்டிருப்பேன். சாரி ஜெரி, உனக்குத்தான் வீண் அலைச்சல்" என்றாள். பரவாயில்லை என்று சொன்னேன். புதுப் போன் வரும்வரை ஒருநாள் முழுக்க அவளுக்குக் காவல் இல்லை. இரண்டு மணிக்கொருமுறை நானே அவள் விரலில் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கறை இல்லாதவன் அப்படிச் செய்வானா?

புதன்கிழமை மதியம் பெட்டி வந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சென்சாரின் ஆப் உட்பட எல்லாவற்றையும் ஏற்றினேன். அவள் பக்கத்தில் பாப்ரிகா மிளகாய்ப்பொடி போட்ட கோழிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். புதுப் போன் நிறையக் கேள்வி கேட்கும், உங்களுக்கே தெரியும். இருப்பிடம் அறியலாமா? அறியலாம். சென்சாரோடு பேசலாமா? பேசலாம். அதன் பிறகு அது கேட்டது: போனை மௌனமாக வைத்திருந்தாலும் இந்த ஆப் அபாய ஒலி எழுப்ப அனுமதிக்கலாமா?

இரண்டு பொத்தான்கள் இருந்தன. நான் 'வேண்டாம்' என்பதை அழுத்தினேன். பிறகு பக்கவாட்டில் இருக்கிற சின்ன விசையைத் தள்ளி, போனை மௌனமாக்கினேன். என் புதுப் போனில் அந்த ஆப்பை ஏற்றவே இல்லை. புதுசாக வாங்கியதைச் சுத்தமாக வைத்துக்கொள்ள விரும்பினேன்.

"எல்லாம் சரியா இருக்கா?" என்றாள்.

"நம்பர் தெரியுது பாரு."

திரையில் சர்க்கரை நூற்றுப் பன்னிரண்டு என்று இருந்தது. அவள் போனை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "அட, என் காவக்காரன் புதுச் சட்டை போட்டுகிட்டு வந்திருக்கான்" என்றாள்.

வியாழக்கிழமை மதியம் இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். பாதிதான் சாப்பிட்டாள், பசியில்லை என்று தட்டை நகர்த்திவிட்டாள். ஒரு மணிக்குத் தூங்கப் போகும்போது அவளேதான் சொன்னாள்: "ஆத்துக்குப் போயிட்டு வாயேன். மீனெல்லாம் வந்தாச்சாம். புதுப் போன் இருக்குல்ல? கத்துச்சுன்னா நீ வந்துரப் போற."

பாதித் தட்டு மேசையிலேயே இருந்தது. அதைக் கழுவி வைத்துவிட்டுப் போனேன்.

தண்ணீர் நல்ல குளிர். ஆறு வருடத்துக்குப் பிறகும் காலுக்குக் கற்கள் ஞாபகம் இருந்தன. நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனையோ காலமாகிவிட்டது. வாயில் மாட்டாமல் முதுகிலோ வாலிலோ தூண்டில் மாட்டிய மீனைத் திருப்பி விட்டுவிட வேண்டும் என்பது இங்கே சட்டம். அன்று பெரிய மீனே ஒன்று முதுகில் மாட்டி வந்தது. யாரும் பார்க்கவில்லை. விட்டுவிட்டேன்.

நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். வீடு அமைதியாக இருந்தது. நான் கூப்பிடவில்லை. பின்பக்கத் தொட்டியில், பிடித்து வந்த மூன்று மீனையும் சுத்தம் செய்து, துண்டு போட்டு, பனிக்கட்டியில் வைத்தேன். கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். ஆம்புலன்ஸுக்கு நான் பேசியது ஐந்து பத்துக்கு என்று உங்களிடம் பதிவு இருக்கிறது. இடைப்பட்ட நேரம் இதற்குத்தான் போனது.

போன் அவள் தலையணைமேல், காதுக்குப் பக்கத்தில் இருந்தது. திரையில் சிவப்பாக ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினான்கு எச்சரிக்கைகள். முதலாவது, மதியம் ஒன்று ஐம்பதுக்கு வந்திருந்தது. ஜூஸ் டப்பா கைக்கு எட்டுகிற தூரத்தில்தான், உறிஞ்சுகுழல்கூடப் பிரிக்காமல் இருந்தது. போனில் எந்தக் குறையும் இல்லை, டிடெக்டிவ். அது தன் வேலையைச் சரியாகச் செய்தது.

உடைந்த பழைய போனைப் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்று விதி. வெள்ளிக்கிழமை காலையிலேயே உறையில் போட்டு அனுப்பிவிட்டேன். சவ அடக்க நிலையத்துக்குப் போகிற வழியில்தான் தபால் பெட்டி.

போன் மாற்றும்போது கைதவறி நேர்ந்தது என்று சொல்ல உங்களுக்கு நான் வழி விட்டிருக்கலாம். என் மகள்கூட அப்படித்தான் நம்புகிறாள், என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆனால் கை தவறவில்லை. வேண்டாம் என்று நான்தான் அழுத்தினேன். அப்போது ஒரு மதியம் நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர மனதில் வேறெதுவும் இல்லை. அவள் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

பிரியெலின் வாக்குமூலக் காகிதத்தை என் பக்கம் திருப்ப வேண்டியதில்லை. அதில் அவள் சொன்னது சரிதான். செவ்வாய்க்கிழமை கடையை விட்டுக் கிளம்பும்போது நான் திரும்பி வந்து ஒன்று கேட்டேன். இரண்டு லைனில் ஒன்றை அடுத்த வாரம் நிறுத்திவிட்டால் என் அப்கிரேட் சலுகை போய்விடுமா என்று.

"போகாது சார். ஏன், மேடம் வேற கம்பெனிக்கு மாறப் போறாங்களா?" என்று சிரித்தாள்.

"இல்லம்மா. அவளுக்கு போன் தேவைப்படாது" என்றேன்.

கேட்டதற்குப் பதில் சொன்னேன். அந்தப் பெண்ணிடமும் நான் பொய் சொல்லவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.